பால்வீதிக்கு உறை ஊற்றியது யார்?

காலக்ஸிகள் முழுவதும் காந்தப்புலம் பரவிக் கிடக்கிறது. அது எப்படி வளர்ந்தது என்பது ஓரளவு தெரிகிறது. முதல் துளி எங்கிருந்து வந்தது என்பதுதான் தீராத வழக்கு.

பூமியின் காந்தப்புலம் அப்படியொன்றும் பெரிய பலசாலி அல்ல. தென்னிந்தியாவில் அதன் அளவு சுமார் 0.4 காஸ். திசைகாட்டியின் ஊசியைத் திருப்ப முடியும். ஒரு குண்டூசியைத் தரையிலிருந்து தூக்க முடியாது. சூரியன் இடம்பெற்றுள்ள பால்வீதி என்ற காலக்ஸி முழுவதிலும் இதேபோல் ஒரு காந்தப்புலம் உண்டு. அது பூமியுடையதைவிட ஏறத்தாழ 1 லட்சம் மடங்கு பலவீனமானது: சில மைக்ரோகாஸ், அதாவது ஒரு காஸில் பத்து லட்சத்தில் சில பங்கு. ஆனால் அது வியாபித்திருக்கும் தூரமும் சுமார் 1 லட்சம் ஒளியாண்டு.

இவ்வளவு பலவீனமான ஒன்றைப் பொருட்படுத்த வேண்டுமா? வேண்டும். காரணம், நட்சத்திரங்களுக்கு இடையே உள்ள வாயு மிக மிக மெலிசானது. ஒரு கன சென்டிமீட்டருக்குச் சராசரியாக ஒரே ஒரு அணு. அந்த வாயுவின் கொந்தளிப்பில் எவ்வளவு சக்தி இருக்கிறதோ, ஏறக்குறைய அவ்வளவு சக்தி காந்தப்புலத்திலும் இருக்கிறது. வாயு மேகம் சுருங்கி நட்சத்திரமாகும்போது அதை இழுத்துப் பிடித்துத் தாமதப்படுத்துவது காந்தப்புலம். மேகத்தின் சுழற்சியை வெளியே கடத்தி, நட்சத்திரம் உருவாக வழி விடுவதும் அதுதான். காஸ்மிக் கதிர்கள் நேர்கோட்டில் ஓடினால் சில ஆயிரம் ஆண்டுகளில் காலக்ஸியை விட்டே போய்விடும். காந்தப்புலத்தில் சிக்கி அலைவதால் அவை சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகள் உள்ளேயே சுற்றிவருகின்றன.

பிரச்சினை, இந்தக் காந்தப்புலம் வந்த வழிதான். பிரபஞ்சம் பிறந்தபோது காந்தப்புலம் இருந்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. இல்லாமலே தொடங்கியிருந்தால், வாயு எவ்வளவுதான் சுழன்றாலும் கலங்கினாலும் காந்தப்புலம் தானாக முளைக்காது என்கின்றன வழக்கமான சமன்பாடுகள். பூஜ்யத்தை எத்தனை கோடியால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். காய்ச்சிய பால் தானாகத் தயிராகிவிடுவதில்லை. ஒரு சொட்டு உறைமோர் வேண்டும். பால்வீதிக்கு அந்தச் சொட்டை ஊற்றியது எது?

தேடியது வேறு, கிடைத்தது வேறு

இந்த விஷயம் வெளிச்சத்துக்கு வந்ததே ஒரு தற்செயல். அதன் பின்னணியில் இருந்தவர் சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்த எஸ். சந்திரசேகர். மிகச் சூடான நட்சத்திரங்களின் விளிம்பிலிருந்து வரும் ஒளி, எல்லாத் திசைகளிலும் சமமாக அதிராமல் ஒரு திசையில் சற்று அதிகமாக அதிர வேண்டும் என்று 1946-ல் அவர் கணக்கிட்டுச் சொன்னார். தளவிளைவு என்று பள்ளிப் பாடப் புத்தகங்கள் சொல்லும் சமாச்சாரம் இது. ஒன்றையொன்று மறைத்துச் சுற்றும் இரட்டை நட்சத்திரங்களில் இதைக் கண்டுபிடிக்கலாம் என்று அமெரிக்க வானியலாளர்கள் வில்லியம் ஹில்ட்னரும் ஜான் ஹாலும் இறங்கினார்கள்.

தளவிளைவு கிடைத்தது. ஆனால் ஒரு நட்சத்திரம் மற்றதை மறைக்கும் நேரத்தில் மட்டும் அல்ல, எந்நேரமும் இருந்தது. அது நட்சத்திரத்தின் வேலை அல்ல, ஒளி வரும் வழியில் உள்ள தூசியின் வேலை என்பது 1949-ல் தெளிவாயிற்று. நீள்வடிவத் தூசித் துகள்கள் ஏதோ ஒன்றின் கட்டளைக்குப் பணிந்து வரிசைகட்டி நிற்பதால்தான் இப்படி நடக்கிறது. கட்டளையிடுவது காந்தப்புலம் என்று லெவரெட் டேவிஸ், ஜெஸ்ஸி கிரீன்ஸ்டைன் இருவரும் 1951-ல் விளக்கினார்கள்.

அதே 1949-ல் இத்தாலிய விஞ்ஞானி என்ரிகோ ஃபெர்மி வேறொரு பாதையில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். காஸ்மிக் கதிர்களுக்கு அசுர வேகம் தருவது நட்சத்திரங்களுக்கிடையே உள்ள காந்தப்புலமே என்றார் அவர். 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஃபெர்மியும் சந்திரசேகரும் சேர்ந்து அதன் அளவையும் கணித்தார்கள். காந்தக் கோடுகளை இழுத்துக் கட்டிய தந்திகளாகப் பாவித்தது அவர்கள் முறை. தந்தி எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ, வாயு மோதும்போது அவ்வளவு குறைவாக வளையும். தளவிளைவின் திசைகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன, வாயு என்ன வேகத்தில் கொந்தளிக்கிறது என்பன போன்ற விவரங்களை வைத்து அவர்களுக்குக் கிடைத்த விடை சுமார் 7 மைக்ரோகாஸ். பிந்தைய அளவீடுகளும் இதையொட்டியே அமைந்தன. அந்த முறையை வானியலாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

பிறகு ரேடியோ வானியல் கைகொடுத்தது. காந்தப்புலம் உள்ள பிளாஸ்மாவின் ஊடே ஒளி போகும்போது அதன் அதிர்வுத் தளம் திரும்புகிறது. மைக்கேல் ஃபாரடே 1845-ல் கண்ணாடியில் கண்ட விளைவின் விண்வெளி வடிவம் இது. எவ்வளவு திரும்புகிறது என்பதிலிருந்து புலத்தின் வலிமையும், எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதிலிருந்து புலம் நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதும் தெரியும்.

பம்பரக் கயிறும் சைக்கிள் டைனமோவும்

ஆரம்பத்தில் பலர் சுலபமான விடை ஒன்றைச் சொன்னார்கள்: இது பழைய சொத்து. காலக்ஸி உருவாவதற்கு முன்பே இருந்த பலவீனமான புலம், வாயு சுருங்கும்போது கூடவே நெருக்கப்பட்டு வலுவாகியிருக்கும். விண்வெளி வாயு மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் காந்தக் கோடுகள் வாயுவோடு ஒட்டிக்கொண்டு, அது போகும் இடமெல்லாம் போகும் என்று சுவீடன் விஞ்ஞானி ஹான்னஸ் ஆல்வேன் 1940-களில் காட்டியிருந்தார்.

இந்த விடையைக் கெடுத்தது காலக்ஸியின் சுழற்சி. காலக்ஸி ஒரு கிராமபோன் தட்டுபோல் ஒரே மாதிரி சுற்றுவதில்லை. உள்ளே இருப்பவை சீக்கிரம் சுற்றி முடிக்கின்றன. வெளியே இருப்பவை பின்தங்குகின்றன. சூரியன் ஒரு சுற்று முடிக்கச் சுமார் 23 கோடி ஆண்டுகள் ஆகும். இதுவரை முடிந்த சுமார் 40 சுற்றுகளில் பழைய காந்தக் கோடுகள், பம்பரத்தில் சுற்றிய கயிறுபோல நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்க வேண்டும். அடுத்தடுத்த சுற்றுகளில் காந்தத்தின் திசை எதிரெதிராக இருக்கும். போதாக்குறைக்கு வாயுவின் கொந்தளிப்பு, இப்படி எதிரெதிராக நெருங்கும் கோடுகளைக் கலந்து, 100 கோடி ஆண்டுக்குள்ளாகவே புலத்தைக் கரைத்துவிடும்.

நிஜத்தில் காண்பது வேறு. ஜெர்மனியின் எஃபல்ஸ்பெர்க் கிராமத்துக்கு அருகே உள்ள 100 மீட்டர் விட்டமுள்ள ரேடியோ தொலைநோக்கியைக் கொண்டு, பான் நகர மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தின் ரைனர் பெக் குழுவினர் பக்கத்து காலக்ஸியான ஆண்ட்ரோமிடாவை ஆராய்ந்தனர். மையத்திலிருந்து சுமார் 30,000 ஒளியாண்டு தொலைவில் ஒரு பெரிய வளையமாக, சுற்றிலும் ஒரே திசையில் ஓடுகிறது அதன் காந்தப்புலம். கரைய வேண்டிய ஒன்று கரையாமல் நிற்கிறதென்றால், யாரோ தொடர்ந்து புதுப்பிக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

புதுப்பிக்கும் இயந்திரம் டைனமோ. சைக்கிள் சக்கரத்தில் உரசி விளக்கை எரியவைக்கும் டைனமோவில் ஒரு நிலைக்காந்தம் இருக்கும். பெரிய ஜெனரேட்டர்களில் அது தேவையில்லை. தான் உண்டாக்கும் மின்சாரத்தில் ஒரு பகுதியைக் கொண்டே தன் காந்தத்தை அது வலுப்படுத்திக்கொள்ளும். செம்புக் கம்பி இல்லாமல், ஓடும் திரவமோ வாயுவோ இதைச் செய்யலாம் என்று சூரியனுக்காக ஜோசப் லார்மர் 1919-ல் யோசனை சொன்னார். வழிமுறையைக் கண்டவர் யூஜின் பார்க்கர், 1955-ல். ஜெர்மனியின் ஸ்டீன்பெக், கிரவுசே, ராட்லர் மூவரும் 1966-ல் அதற்கு முறையான கணித வடிவம் கொடுத்தார்கள். 1971-ல் பார்க்கரும், தனியாக ரஷ்யாவின் வைன்ஷ்டைன், ருஸ்மைக்கின் இருவரும் அதைக் காலக்ஸிகளுக்குப் பொருத்தினார்கள்.

காலக்ஸி டைனமோவுக்கு இரண்டு கைகள். முதல் கை, வேகம் மாறுபடும் சுழற்சி. அது காந்தக் கோடுகளை வட்டமாக இழுத்து நீட்டுகிறது. இரண்டாவது கை, சூப்பர்நோவா வெடிப்புகள். வெடிப்பில் சூடான வாயு, காலக்ஸித் தட்டிலிருந்து குமிழிகளாக மேலெழும். எழும்போதே, வங்கக் கடல் புயலைச் சுழலவைக்கும் அதே கொரியாலிஸ் விளைவால் முறுக்கிக்கொள்ளும். கூடவே காந்தக் கோடுகளும் முறுக்கிக்கொண்டு, புதிய திசையில் கண்ணிகளாக விரியும். அந்தக் கண்ணிகளைச் சுழற்சி மறுபடி இழுத்து நீட்டும். இப்படி ஒரு கை மற்றதற்கு ஊட்ட, புலம் வளர்ந்துகொண்டே போகும்.

ஓடும் திரவம் டைனமோவாக முடியும் என்பது வெறும் காகிதக் கணக்கு அல்ல. 1999-ன் இறுதியில் லாட்வியாவின் ரீகாவிலும் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவிலும், உருக்கிய சோடியத்தைக் குழாய்களில் வேகமாக ஓடவிட்டு விஞ்ஞானிகள் காந்தப்புலத்தை வளர்த்துக் காட்டினார்கள்.

வட்டிக்கு வட்டி

டைனமோ வளர்ச்சி வட்டிக்கு வட்டி மாதிரி. ஆனால் முதல் இல்லாமல் வட்டி இல்லை. அந்த முதலுக்கான மிக எளிய யோசனையை 1950-ல் தந்தவர் ஜெர்மனியின் லுட்விக் பியர்மான். எலெக்ட்ரான் மிக லேசு. புரோட்டான் சுமார் 1,840 மடங்கு கனம். வாயு அழுத்தம் இரண்டையும் தள்ளும்போது எலெக்ட்ரான்கள் முந்திக்கொள்ளும். வெப்பம் ஒரு திசையிலும் அடர்த்தி வேறு திசையிலும் மாறும் இடங்களில் இந்த முந்தல் ஒரு சிறு மின்னோட்ட வளையமாகும். மின்னோட்டம் இருந்தால் காந்தப்புலமும் பிறக்கும். பியர்மான் பாட்டரி என்று இதற்குப் பெயர். முதல் நட்சத்திரங்களும் குவாசார்களும் தங்களைச் சுற்றியிருந்த வாயுவை ஒளியால் அயனியாக்கியபோது, அந்த எல்லைகளில் இந்தப் பாட்டரி வேலை செய்திருக்கும் என்று இந்திய விஞ்ஞானிகள் கே. சுப்ரமணியன், டி. நரசிம்மா, எஸ்.எம். சித்ரே ஆகியோர் 1994-ல் காட்டினார்கள்.

ஆனால் பாட்டரி தரும் முதல் மிக அற்பம். 1-க்குப் பின் 20 சைபர் போட்டு, அந்த எண்ணால் ஒரு காஸை வகுத்தால் என்ன கிடைக்குமோ சுமாராக அவ்வளவுதான். இதிலிருந்து ஒரு மைக்ரோகாஸுக்கு வர வேண்டுமானால் 100 லட்சம் கோடி மடங்கு பெருக வேண்டும். அதாவது 47 முறை இரட்டிப்பாக வேண்டும். காலக்ஸி டைனமோ ஒருமுறை இரட்டிப்பாக்க 20 கோடி ஆண்டு எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொண்டால், 47 முறைக்கு 940 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு என்பதால், பால்வீதிக்குக் கணக்கு இழுத்துப் பறித்து நேராகிவிடுகிறது.

மற்றவற்றுக்கு நேராகவில்லை. தொலைவில் பார்ப்பது என்றால் பழைய காலத்தைப் பார்ப்பது. 2008-ல் மார்ட்டின் பெர்னெட் குழுவினர், குவாசார்களிலிருந்து வரும் ரேடியோ அலைகள் வழியில் சாதாரண காலக்ஸிகளைக் கடந்தபோது அதிகமாகத் திரும்பியிருப்பதைக் கண்டார்கள். பிரபஞ்சம் இன்றைய வயதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் இருந்தபோதே, காலக்ஸிகளில் இன்றைய அளவுக்கு இணையான புலம் இருந்திருக்கிறது. 2023-ல் ஜேம்ஸ் கீச் குழுவினர், சிலி நாட்டின் ஆல்மா தொலைநோக்கியைக் கொண்டு ஒரு படி மேலே போனார்கள். 9ஐஓ9 என்ற காலக்ஸியின் ஒளி புறப்பட்டு 1,100 கோடி ஆண்டுக்கு மேலாகிறது. அப்போது பிரபஞ்சத்துக்கு வயது சுமார் 250 கோடி. அங்கே 16,000 ஒளியாண்டு நீளத்துக்கு ஒழுங்கான காந்தப்புலம் தெரிந்தது. அதிகபட்சம் 500 மைக்ரோகாஸ் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. 940 கோடி ஆண்டுக் கணக்கு இங்கே அடிபட்டுப் போகிறது.

இன்னொரு பக்கத்திலிருந்தும் இடி. சின்னச் சின்னச் சுழிப்புகள், பெரிய டைனமோ வேலை செய்வதற்கு முன்பே தாறுமாறான சிறு காந்தப்புலங்களை வளர்த்து அதன் கழுத்தை நெரித்துவிடும் என்று பிரின்ஸ்டனின் ரஸ்ஸல் குல்ஸ்ருட், ஸ்டீபன் ஆண்டர்சன் இருவரும் 1992-ல் எச்சரித்தார்கள்.

எச்சரிக்கையே பாதி விடையாகவும் அமைந்ததுதான் விசித்திரம். சிறு சுழிப்புகளின் டைனமோ தாறுமாறானது, ஆனால் படுவேகமானது. ஒரு சுழிப்பு ஒருமுறை சுற்ற ஆகும் நேரம் சுமார் 1 கோடி ஆண்டு அல்லது அதற்கும் குறைவு. அந்த வேகத்தில் இரட்டித்தால், அற்ப முதலும் சில பத்துக் கோடி ஆண்டுகளில் மைக்ரோகாஸாகிவிடும். இந்தச் சிறு டைனமோ நிஜமானது என்பதை, 2018-ல் வெளியான ராசெஸ்டர் பல்கலைக்கழக ஒமேகா லேசர் பரிசோதனையும் பிளாஸ்மாவில் காட்டியது. பிறகு பெரிய டைனமோ நிதானமாக வந்து ஒழுங்குபடுத்தலாம்.

கழுத்து நெரிபடுவதற்கும் ஒரு மருந்து கிடைத்தது. பெரிய அளவில் முறுக்கேறும்போது சிறிய அளவில் எதிர் முறுக்கு மிச்சமாகிச் சேர்கிறது. டைனமோவை அடைப்பது அதுதான். சூப்பர்நோவாக்கள் வாயுவை மேலே வீசும்போது இந்த மிச்சமும் காலக்ஸியை விட்டு வெளியேறிவிடும் என்று அன்வர் ஷுகுரோவ், திமித்ரி சொகோலோஃப், கந்தசாமி சுப்ரமணியன், ஆக்ஸெல் பிராண்டன்பர்க் ஆகியோர் 2006-ல் விளக்கினார்கள். புணேயின் ஐயூகா ஆய்வு மையத்தைச் சேர்ந்த சுப்ரமணியன், 1994 ஆய்விலும் இடம்பெற்ற அதே விஞ்ஞானி.

அழிந்த சாட்சியம்

ஆக, வேகமான டைனமோ கிடைத்துவிட்டது. ஆனால் அதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. தயிர் உறைந்த பிறகு, உறைமோர் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று தயிரைப் பார்த்துச் சொல்ல முடியாது. டைனமோ எவ்வளவு திறமையாக வேலை செய்கிறதோ, அவ்வளவு சுத்தமாகத் தன் விதையின் அடையாளத்தையும் அழித்துவிடுகிறது. பியர்மான் பாட்டரியா, முதல் நட்சத்திரங்கள் வெடித்துச் சிதறியபோது கக்கிய காந்தமா, அதற்கும் முந்தையதா? எது விதையானாலும் பால்வீதி இன்று இதே மாதிரிதான் இருக்கும்.

அதற்கும் முந்தையது என்ற சாத்தியம்தான் விஞ்ஞானிகளின் ஆவலைத் தூண்டுகிறது. மின்காந்த விசையும் அணுக்கருவின் மெல்விசையும் பிரிந்த கணத்தில் காந்தப்புலம் பிறந்திருக்கலாம் என்று தன்மய் வாசஸ்பதி 1991-ல் எழுதினார். அதற்கும் முன்பு, பிரபஞ்சம் திடீரென உப்பிய கணத்திலேயே பிறந்திருக்கலாம் என்று பாரத் ரத்ரா 1992-ல் எழுதினார். இவற்றில் ஒன்று உண்மையானால், எந்தத் துகள் மோதல் இயந்திரமும் எட்ட முடியாத ஒரு காலத்தின் கைரேகை நமக்குக் கிடைக்கும். அந்தப் பௌதிகத்துக்கு வேறு சாட்சிகள் அபூர்வம்.

கைரேகையை எங்கே தேடுவது? எந்த டைனமோவும் தொடாத இடத்தில். காலக்ஸிகளே அநேகமாக இல்லாத, பல கோடி ஒளியாண்டு அகலமுள்ள வெற்றிடங்கள் பிரபஞ்சத்தில் உண்டு. 2010-ல் ஆந்த்ரீ நெரோனோஃப், யெவ்கென் வோவ்க் இருவரும் அங்கே ஒரு தடயம் இருப்பதாக அறிவித்தார்கள். தொலைதூர பிளேசார்களிலிருந்து வரும் அதிசக்தி காமா கதிர்கள், வழியில் உள்ள ஒளியோடு மோதி எலெக்ட்ரான், பாசிட்ரான் ஜோடிகளாக மாறும். அவை பிரபஞ்சப் பின்னணி ஒளியை உதைத்து, சக்தி குறைந்த காமா கதிர்களை உண்டாக்கும். இந்த இரண்டாம் தலைமுறைக் கதிர்களை நாசா 2008-ல் ஏவிய விண்வெளித் தொலைநோக்கி பார்த்திருக்க வேண்டும். அதன் பெயரும் ஃபெர்மிதான். அது பார்க்கவில்லை. ஜோடிகளை ஏதோ காந்தப்புலம் பாதை திருப்பியிருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அந்தப் புலம், 1-க்குப் பின் 16 சைபர் உள்ள எண்ணால் ஒரு காஸை வகுத்து அதில் 3 பங்குக்காவது இருந்தாக வேண்டும். நம்ப முடியாத அளவுக்குச் சிறியது. ஆனாலும், பியர்மான் பாட்டரி தருவதைவிடச் சுமார் 30,000 மடங்கு பெரியது.

வழக்கு அதோடு முடியவில்லை. ஜோடிகள் காந்தத்தால் திரும்பவில்லை, வெற்றிடத்தின் மெல்லிய பிளாஸ்மாவைச் சூடாக்குவதில் தங்கள் சக்தியை இழந்துவிட்டன என்று ஏவரி பிராடரிக் குழுவினர் 2012-ல் மறுத்தார்கள். காலக்ஸிகளிலிருந்து வீசும் காற்று காந்தத்தைச் சுமந்துவந்து வெற்றிடத்தை அசுத்தப்படுத்தியிருக்கலாம் என்ற சந்தேகமும் உண்டு. மேல் எல்லையை பிளாங்க் விண்கலம் 2015-ல் போட்டுவிட்டது: ஆதிகாலப் புலம் சில நானோகாஸுக்கு மேல் இருந்திருக்க முடியாது. இரண்டு எல்லைகளுக்கும் நடுவே சுமார் ஒரு கோடி மடங்கு இடைவெளி.

அந்த இடைவெளியைக் குறுக்கத்தான் தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் எஸ்.கே.ஏ. என்ற ராட்சத ரேடியோ தொலைநோக்கித் திட்டம் உருவாகிறது. பிரபஞ்சத்தின் காந்தத்தை ஆராய்வது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. இந்தியா தன் பங்காக 1,250 கோடி ரூபாய்க்கு 2024-ன் தொடக்கத்தில் ஒப்புதல் அளித்தது. ஏராளமான தொலைதூர ரேடியோ மூலங்களின் அதிர்வுத் தளம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று ஒவ்வொன்றாக அளந்து, இளம் காலக்ஸிகளிலும் அவற்றுக்கு வெளியேயும் உள்ள புலத்தை வரைபடமாக்குவது அதன் வேலை.

வெற்றிடங்களில் நிஜமாகவே ஒரு புலம் இருந்து, அது காலக்ஸிகள் கக்கியதல்ல என்றும் தெரிந்தால், பால்வீதிக்கு உறை ஊற்றிய கை பிரபஞ்சத்தின் முதல் கணத்தைச் சேர்ந்தது என்றாகும். ஒன்றுமே இல்லை என்று தெரிந்தால், முந்திக்கொண்டு ஓடிய எலெக்ட்ரான்களே போதுமானவை என்றாகும். இரண்டில் எது என்று சொல்லக்கூடிய சாட்சி, நட்சத்திரங்கள் இல்லாத இருட்டில்தான் இருக்கிறது.